வத்திராயிருப்பிலிருந்து, சிறார் சாகசக் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் சிறாருக்குச் சாகசக் கதை எழுதுகிறவர்களே, அவற்றை அச்சேற்றுகிற பதிப்பாளர்களே,

உங்கள் முன் வைக்க ஒரு மனக்குறையும் ஒரு கோரிக்கையும் இருக்கின்றன. இரண்டும் குட்டி மேதைகள் உலகைக் காப்பாற்றும் கதைகளைப் பற்றியவை. அந்தக் கதைகளின் சரக்கு உங்களுக்கு அத்துப்படி. பன்னிரண்டு வயதில் ரோபோ செய்கிற பையன், எந்தக் கணினியையும் நொடியில் திறந்துவிடும் சிறுமி, பணத்துக்குக் குறைவில்லாத விஞ்ஞானி மாமா, வீட்டுக்கு அடியில் ஓர் ஆய்வுக்கூடம். குடிநீர்ப் பஞ்சமோ, புவி வெப்பமோ, கொள்ளை நோயோ, எதுவானாலும் கடைசி அத்தியாயத்துக்குள் ஒழிந்துவிடும். ஆங்கிலத்தில் இவை தொடர் தொடராக வருகின்றன; மொழிபெயர்ப்பாகவும் சாயலாகவும் தமிழுக்கும் வந்து சேர்கின்றன. இவற்றை எழுதாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எழுதுங்கள், இன்னும் நிறைய எழுதுங்கள். ஆனால் சிக்கலுக்கும் தீர்வுக்கும் நடுவே நடக்க வேண்டியதை விழுங்கிவிட்டு எழுதாதீர்கள். தேடுவது, அளப்பது, தப்பாகப் போவது, மறுபடி தொடங்குவது, தெரிந்தவரிடம் போய்க் கேட்பது, கூட்டாளியோடு சண்டை பிடித்துச் சேர்வது எல்லாம் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. சாகசமும் அங்கேதான் இருக்கிறது. "அவன் மேதை, கண்டுபிடித்துவிட்டான்" என்று ஒரு வரியில் நீங்கள் தாண்டிப் போகும்போது, பிள்ளைகளுக்குத் தர வேண்டியதைத் தராமலே கதையை முடித்துவிடுகிறீர்கள்.

இதைச் சொல்ல வத்திராயிருப்புக்கு ஓர் உரிமை உண்டு. சி.வி. ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டறிந்த கே.எஸ். கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தது இந்த ஊரில்தான். விவசாயக் குடும்பம்; தமிழும் வடமொழியும் கற்ற தகப்பனார். பிற்காலத்தில் 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினர், 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1958-இல் முதல் பட்நாகர் விருது. உங்கள் கதைக் கணக்கில் அவர் அசல் மேதை. அவர் பங்கேற்ற கண்டுபிடிப்பு நடந்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். கல்கத்தாவில் ராமனின் ஆய்வுக்கூடத்தில், 1923-லேயே கே.ஆர். ராமநாதன் என்பவர் தண்ணீரில் சிதறும் ஒளியோடு நிறம் மாறிய மங்கலான கீற்று ஒன்று கலந்து வருவதைக் கவனித்துவிட்டார். தண்ணீரில் ஏதோ அழுக்கு என்று நினைத்து, திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. 1925-இல் கிருஷ்ணன் வேறு பல திரவங்களிலும் அதே கீற்றைக் கண்டார். வேங்கடேசுவரன் என்று இன்னொருவர். அவருக்கு அரசுச் சோதனைச்சாலையில் வேலை, மிச்ச நேரத்தில்தான் ஆய்வு. கிளிசரினில் சிதறும் ஒளி நீலத்துக்குப் பதில் பச்சையாக இருக்கிறதே என்று சொன்னவர் அவர். ஆக, 1928 பிப்ரவரி வரும்போது அந்தக் கேள்வி ஐந்து ஆண்டுகளாகப் பல கை மாறியிருந்தது.

அந்தப் பிப்ரவரியில் ராமனும் கிருஷ்ணனும் செய்த சோதனையை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். சூரிய ஒளியை வில்லைகளால் குவித்து, நீலத்தையும் ஊதாவையும் மட்டும் விடுகிற கண்ணாடி வழியே ஒரு குடுவைத் திரவத்துக்குள் பாய்ச்சினார்கள். திரவத்தில் பட்டுச் சிதறி வருவதை, அந்த நீலத்தையும் ஊதாவையும் முழுக்க மறித்துவிடும் இன்னொரு வண்ணக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். ஒளி தன் நிறம் மாறாமல் வந்திருந்தால் இரண்டாவது கண்ணாடிக்கு இப்பால் இருட்டு மட்டுமே இருக்க வேண்டும். ஆனால் வெளிச்சம் தெரிந்தது. அப்படியானால் திரவத்துக்குள் போன ஒளியில் ஒரு துளி, வேறு நிறமாக மாறித்தான் வெளியே வருகிறது. ஒரு திரவத்தில் தெரிந்தது போதாது என்று ஏறத்தாழ 60 திரவங்களைத் தூய்மை செய்து வைத்துப் பார்த்தார்கள். பார்த்த கருவி பெரும்பாலும் மனிதக் கண். வெயில் மறைந்தால் வேலை நின்றுவிடும். இதை விடவா பரபரப்பு வேண்டும்? மேகம் வருமா, கீற்று தெரியுமா, வேறு நாட்டில் யாராவது முந்திக்கொள்வார்களா? உண்மையிலேயே அதே சமயம் மாஸ்கோவில் இருவர் படிகங்களில் இதே விளைவைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சாகசக் கதைக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கின்றன: போட்டி, காலக்கெடு, ஏமாற்றம், கூட்டாளிகள், கடைசியில் ஓர் இருட்டு அறையில் கண்ணுக்குத் தெரியும் சான்று. ஆனால் ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று அறிவியல் நாள் கொண்டாடும் நம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்வது, கப்பலில் போன ஒருவர் கடல் ஏன் நீலம் என்று யோசித்தார், நோபல் பரிசு வாங்கினார் என்கிற இரண்டு வரிதான். நடுவில் இருந்த ஐந்து ஆண்டுகளை யார் எடுத்துக்கொண்டார்கள்?

அந்த நடுப்பகுதியை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். நட்டம் இதுதான். மேதை என்று முதல் பக்கத்திலேயே முத்திரை குத்தப்பட்ட ஒரு கதாபாத்திரம் எப்படி யோசித்தது என்று காட்ட வேண்டிய கடமை எழுத்தாளருக்கு இல்லாமல் போகிறது. பதில் அந்தப் பாத்திரத்தின் பிறவியிலேயே இருந்துவிடுகிறது. படிக்கிற பிள்ளை வியக்கும், கை தட்டும், புத்தகத்தை மூடும். தனக்கு அது பிறவியிலேயே வாய்க்கவில்லை என்ற முடிவுக்கும் சத்தமில்லாமல் வந்துவிடும். கணக்கில் இரண்டு முறை தோற்ற பிள்ளைக்கு, தோற்காத ஒரு கதாநாயகனைக் காட்டி ஊக்கம் தர முடியாது. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். பில் நையும் கிரெகரி மோனும் சேர்ந்து 2017-இல் தொடங்கிய 'ஜாக் அண்ட் தி ஜீனியஸஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பிலேயே மேதைகள் இருக்கிறார்கள். ஆனால் கதையைச் சொல்கிற ஜாக் மேதை இல்லை; அவனோடு வளரும் ஏவாவும் மேட்டும்தான் மேதைகள். அண்டார்டிகா வரை போகிற அந்தக் கதைக்குள் வாசகப் பிள்ளை நுழைவதற்குச் சாதாரணமான ஒரு பையனின் கண் தேவைப்பட்டிருக்கிறது. அதையும் தாண்டி முற்றிலும் மேதையே இல்லாத ஒரு பழைய உதாரணம் 1929-இல் எரிக் கெஸ்ட்னர் ஜெர்மன் மொழியில் எழுதிய எமிலின் கதை. ரயிலில் பணத்தைப் பறிகொடுத்த பையன், பெர்லின் தெருப் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு திருடனைப் பிடிக்கிறான். பணம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அவனிடம் இருந்தது, நோட்டுகளைச் சட்டைப்பைக்குள் குத்தி வைத்த குண்டூசியின் துளைகள். ஒரு குண்டூசித் துளையைச் சான்றாக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அறிவியலின் பாதி கைவந்துவிடும்.

குட்டி மேதையின் முகம் எப்படிப்பட்டது என்பதிலும் எனக்குக் கடுமையான வருத்தம் உண்டு. அவன் பெரும்பாலும் பையன். பெருநகரத்தில் இருக்கிறான். ஆங்கில வழிப் பள்ளி, தனி அறை, அதில் தொலைநோக்கி. பெண் பிள்ளை வந்தால் பயந்து கத்துவதற்கோ, குறிப்பு எழுதிக்கொள்வதற்கோ வருகிறாள். கிராமத்துப் பிள்ளை வந்தால் வழிகாட்டவும் இளநீர் வெட்டித் தரவும் வருகிறான். நிஜத்தில் நடப்பது இப்படி இல்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் 'ஆசாதிசாட்' என்ற சிறு செயற்கைக்கோள் போயிற்று. அதற்குள் இருந்த கருவிகளை நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள். நம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவியரும் அதில் உண்டு. ராக்கெட் நன்றாகத்தான் கிளம்பியது. ஆனால் கடைசிக் கட்டத்தில் செயற்கைக்கோள்களைத் தவறான பாதையில் விட்டுவிட, அத்தனை பேர் உழைப்பும் வீணாயிற்று. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 மறுபடி போய், சரியான பாதையில் நின்றது. அந்த ஆறு மாதத்தை நினைத்துப் பாருங்கள். பட்டாசு வெடித்துக் கொண்டாடக் காத்திருந்த பள்ளியில் மறுநாள் காலை என்ன பேசியிருப்பார்கள்? திரும்பவும் செய்வோம் என்று முதலில் சொன்னது யாராக இருக்கும்? வேண்டாம் என்றது யார்? கதை எழுதுகிறவருக்கு இதை விடப் பெரிய களஞ்சியம் உண்டா? உங்களில் ஒருவராவது இதைத் தொடராக எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, பிள்ளைகளுக்குக் கற்பனைதான் பிடிக்கும், அளவுகோலும் நோட்டுப்புத்தகமும் வைத்துக்கொண்டு அலைகிற கதை செயல்திட்ட அறிக்கை மாதிரி ஆகிவிடும் என்பது. கற்பனைக்கு நான் எதிரி இல்லை. 1972-இல் இதே மாவட்டத்துச் சிவகாசியில் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டு வந்தபோது தமிழ்நாடே வாங்கிப் படித்தது; அந்தச் சிறுவர்கள் தலை நரைத்த பிறகும் பழைய இதழ்களைத் தேடி அலைகிறார்கள். பறக்கிற மனிதன் பறக்கட்டும், மாயாவி மறையட்டும். அது மாயம் என்று பிள்ளைக்குத் தெரியும். குட்டி மேதைக் கதை அப்படியில்லை. அது தன்னை அறிவியல் என்று சொல்லிக்கொள்கிறது. இது நடக்கும் என்று வாக்குக் கொடுக்கிறது. வாக்குக் கொடுத்த பிறகு வழியைக் காட்டாமல் போவதுதான் குற்றம். அறிக்கை மாதிரி ஆகிவிடுமே என்ற பயத்துக்கு, எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றையே பதிலாக வைக்கிறேன்.

வத்திராயிருப்புக்கு மேற்கே தாணிப்பாறையில் தொடங்கிச் சதுரகிரிக்கு மலையேறும் பாதை ஓடைகளைக் கடந்து போகிறது. பெரும்பாலான நாட்களில் அவற்றில் பாறைதான் தெரியும். அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் மழை கொட்டினால், சற்று நேரத்தில் அந்தப் பாறைகள் மேல் ஆளை இழுத்துப் போகும் வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாதம் அமாவாசைக்கு மலையேறிய பக்தர்கள் சிலர் அப்படி வந்த காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். இதில் ஒரு நிஜமான அறிவியல் கேள்வி இருக்கிறது. மேலே எவ்வளவு மழை பெய்தால் கீழே எத்தனை நிமிடத்தில் தண்ணீர் வரும்? அதைக் கண்டுபிடிக்க மழைமானி வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக அதிலேயே செருகி, பக்கவாட்டில் ஓர் அளவுகோலை ஒட்டினால் ஓரளவு வேலை செய்யும் மழைமானி தயார். கடிகாரம் வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். நடுவில் செல்போன் சிக்னல் கிடையாது. அப்படியானால் சேதி எப்படி இறங்கும்? விசிலா, கண்ணாடியில் வெயிலைத் திருப்பிக் காட்டுவதா, மேகம் மூடினால் கண்ணாடி என்ன ஆகும்? ஓடையின் தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் அதற்கு என்ன பொருள் என்று அந்த மலையில் பிறந்து வளர்ந்த பளியர் குடும்பத்துப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் போய் எப்படிக் கேட்பது, அவர் ஏன் சொல்ல வேண்டும்? புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்று வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் நிறுத்துவார்; அவர் சொல்வதும் நியாயம். சொல்லுங்கள், இது செயல்திட்ட அறிக்கையா? அளவுகோலும் நோட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையில் பதற்றமே கிடையாது. எண்கள் தெரிந்த பிறகுதான் இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கத்த முடியும்.

இரண்டாவது மறுப்பு, உள்ளூர்ச் சிக்கலை வைத்தால் உள்ளூர்ப் பிள்ளைதான் படிக்கும் என்பது. வங்காளத்தில் சத்யஜித் ராய் 1965-இல் தொடங்கிய ஃபெலுடா கதைகளைப் பாருங்கள். டார்ஜிலிங் என்றால் டார்ஜிலிங் தெரு, ஜெய்சல்மேர் என்றால் அந்தக் கோட்டை. 'சோனார் கெல்லா' நூலாக 1971-இலும் படமாக 1974-இலும் வந்தபின் வங்காளிகள் கூட்டம் கூட்டமாக ஜெய்சல்மேருக்குப் பயணம் போனார்கள். இடம் துல்லியமாக இருந்ததால்தான் அது அயலூர் வாசகரையும் இழுத்தது. நம்மிடம் அப்படி எழுதப்படாத இடங்கள் எத்தனை! 1988-இல் சாம்பல் நிற மலை அணில்களுக்கென்றே அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம் இருக்கிறது. மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த அணில் பிழைக்கும். இடையில் ஒரு மரம் விழுந்தால் அதன் உலகம் இரண்டாகிவிடும். அந்தக் காடும் மேகமலையும் சேர்ந்து 2021-இல் நாட்டின் 51-வது புலிகள் காப்பகம் ஆயின. ராஜபாளையத்தில் வாழ்ந்து இந்த மலைகளையே எழுதிய கொ.மா. கோதண்டத்துக்கு 'காட்டுக்குள்ளே இசைவிழா' நூலுக்காக 2012-இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் கிடைத்தது. அறிவியலைக் கதையாக்கிய ஆயிஷா இரா. நடராசனுக்கு 2014-இல் அதே விருது. ஆக, ஆள் இல்லை, திறமை இல்லை என்று சொல்ல வழியில்லை. காட்டைத் தெரிந்த எழுத்தும் அறிவியலைத் தெரிந்த எழுத்தும் நம்மிடம் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டையும் ஒரு சாகசத் தொடரில் கட்டிச் சேர்ப்பதுதான் மிச்சம் இருக்கும் வேலை.

மூன்றாவது மறுப்பு எளிதில் தள்ளிவிட முடியாதது. உலகத்தின் சிக்கலைப் பிள்ளைகள் தலையில் ஏற்றலாமா? நாம் கெடுத்ததை அவர்கள் சரிசெய்வார்கள் என்று கதை எழுதுவது, பெரியவர்கள் கை கழுவுவதற்கு வசதியாகப் போய்விடாதா? போய்விடும். குட்டி மேதைக் கதைகளில் நடப்பதும் அதுதான். பெரியவர்கள் ஒன்று வில்லன்கள், அல்லது அசமந்தங்கள். பிள்ளை தனியாகச் சுமக்கிறது, தனியாக வெல்கிறது. ஆனால் இதற்கு மருந்து சிக்கல்களை ஒளித்து வைப்பது ஆகாது; சுமையைச் சரியாகப் பங்கிட்டுக் காட்டுவதுதான். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்து தீர்ந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைக் கவனித்தார். அதிலிருந்து சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை யோசித்தார். அதைச் செய்து பார்க்கும் மாதிரியாக்க தேசியப் புத்தாக்க நிறுவனம் துணை நின்றது. 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் அவர் பேசியபோது, வெற்று வாக்குறுதிகளால் தன் தலைமுறை கோபத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். பாருங்கள், கவனித்தது பிள்ளை. உருவாக்க உதவியது பெரியவர்களின் நிறுவனம். பொறுப்பைக் கேட்டு நின்றதும் அந்தப் பிள்ளைதான். இந்த மூன்றும் இருக்கிற கதையை எழுதினால், உலகத்தைச் சுமக்கச் சொல்லி நீங்கள் யாரையும் வருத்தவில்லை. கலெக்டரிடம் மனுக் கொடுக்கவும், பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து கேட்கவும், பொதுப்பணித்துறைப் பொறியாளரிடம் அணையின் கணக்கைக் காட்டச் சொல்லவும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதுவும் சாகசம்தான், பூதத்தோடு மோதுவதற்குச் சற்றும் குறையாத தைரியம் அதற்குத் தேவை.

தோல்வியை எழுதுங்கள் என்று கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல சிக்கல்களுக்கு முழுத் தீர்வு இல்லை. பிளவக்கல் பக்கம் மலையடிவாரத் தோப்புகளுக்குள் யானை இறங்கினால், இளந்தென்னையைச் சாய்த்துக் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போய்விடும். ஐந்தாறு வருட வளர்ப்பு ஒரே இரவில் போகும். வெடி போட்டால் கொஞ்ச நாளில் பழகிவிடுகிறது. சோலார் மின்வேலியை, மரத்தைத் தள்ளி அதன் மேல் சாய்த்துக் கடக்கவும் யானைக்குத் தெரியும். கென்யாவில் தோட்டத்தைச் சுற்றித் தேன்கூடுகளைக் கம்பியில் தொங்கவிட்டு, கம்பியை யானை அசைத்ததும் தேனீக்கள் கிளம்பும்படி செய்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். உங்கள் கதைப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு இங்கே செய்து பார்க்கட்டும். ஆப்பிரிக்கத் தேனீயின் மூர்க்கம் நம் ஊர் அடுக்குத் தேனீக்கு இல்லை என்று தெரிந்து திகைக்கட்டும். பெட்டியில் தேனீ தங்குமா என்று ஏங்கட்டும். தோப்புக்காரர் கடனில் இருக்கிறார், யானை பசியில் இருக்கிறது, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்ற இக்கட்டில் நிற்கட்டும். கடைசியில் பத்து இரவில் ஏழு இரவு யானை வராமல் போனால், அந்த ஏழு இரவுகளை வெற்றி என்று சொல்லலாமா என்று தங்களுக்குள் வாதாடட்டும். அந்த வாதத்தைக் கேட்டு வளரும் பிள்ளை, பெரிதான பிறகு யாராவது ஒரே நாளில் தீர்வு என்று மேடையில் முழங்கினால் நம்பிவிடாது.

இப்போது பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், செல்போன்தானே என்று பதிப்பாளர்கள் சலித்துக்கொள்வது காதில் விழுகிறது. இந்தச் சலிப்பு முழுக்க நியாயமில்லை. அம்புலிமாமா நின்றது, கோகுலமும் சுட்டி விகடனும் அச்சில் வருவது நின்றது. படிக்க வைத்ததை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, படிக்கவில்லையே என்று குறை சொல்கிறோம். மறுபக்கம் பள்ளிக்கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்களை வகுப்பறைக்கே அனுப்புகிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் சோதனைகளைக் கொண்டுபோகிறது. அந்த வகுப்பில் ஒரு சோதனையைத் தொட்டுப் பார்த்த பிள்ளை, மறுநாள் நூலகத்தில் அதே சோதனை உயிரைக் காப்பாற்றும் ஒரு கதையைத் தேடினால் நீங்கள் எதை எடுத்துக் கொடுப்பீர்கள்? வாசகர் இல்லை என்பதை விட, வாசகர் வந்து நிற்கும் இடத்தில் புத்தகம் இல்லை என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது. விலையும் ஒரு காரணம். முழு வண்ணத்தில் வழவழத் தாளில் அச்சிட்டு, ஒரு நாள் கூலிக்குப் பாதி விலை வைத்தால் தோப்பு வேலைக்கும் மில் வேலைக்கும் போகிற வீடுகளில் வாங்க மாட்டார்கள். நாட்டுக்கே நாட்காட்டியும் நோட்டும் அச்சடித்துத் தருகிற சிவகாசி, கருப்பு வெள்ளையில் நல்ல ஓவியத்தோடு மலிவு விலைச் சாகசத் தொடரை அச்சிடவா திணறப் போகிறது?

ஆகவே உங்களிடம் கேட்பது இது. தொடர் ஒன்று தொடங்குங்கள். மூன்று நான்கு பிள்ளைகள், அவர்களில் பிறவி மேதை ஒருவரும் வேண்டாம். ஒருத்திக்குக் கணக்கு வரட்டும், ஒருவனுக்கு மரமேறத் தெரியட்டும், ஒருத்தி ஓயாமல் கேள்வி கேட்கட்டும், ஒருவன் பயந்தாங்கொள்ளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு நூலுக்கும் பெயர் சொல்லக்கூடிய ஓர் ஊர், அந்த ஊரின் ஒரு சிக்கல். எங்கள் பக்கம் ஓடை வெள்ளம் என்றால், கடலோரத்தில் வேறு, ஆலை ஊரில் வேறு. கருவுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள், தங்கள் ஊர்ச் சிக்கலைத் தாங்களே ஆராய்ந்து தாய்மொழியில் எழுதி வருகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்திடம் கேட்டு அந்த ஆய்வுகளைப் படியுங்கள். கண்மாய் மறுகால் முதல் கிணற்று உப்பு வரை எல்லாம் அவற்றில் இருக்கும். எழுதி முடித்ததும் கைப்பிரதியை அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, சோதனைகள் சொன்னபடி நடக்குமா என்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். நடக்காததை வெட்டிவிடுங்கள், அது எவ்வளவு அழகான அத்தியாயமாக இருந்தாலும். பிறகு அச்சுக்கு அனுப்பும் முன் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் போய் வாசித்துக் காட்டுங்கள். கிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை ஆசிரியராக இருந்தபோது மதிய உணவு நேரத்தில் மாணவர்களை உட்காரவைத்து, எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள் என்பார். அக்கம்பக்கக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். நீங்களும் அப்படி உட்காருங்கள். ஏன் அப்படிச் செய்தார்கள், வேறு மாதிரிச் செய்திருக்கலாமே, அந்தப் பெரியவருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களைத் திருத்தி எழுதிய பிறகே புத்தகத்தை அச்சுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
வத்திராயிருப்பிலிருந்து ஒரு வாசகர்